வைரஸ் அடங்கிவிட்டது, வலி ஏன் அடங்கவில்லை?

எச்ஐவியோடு பல வருடமாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர் சொல்வது இது. மாத்திரையை ஒருநாள்கூட விடுவதில்லை, சிடி4 (உடம்பின் எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக ஏறியிருக்கிறது, வைரல் லோடு டெஸ்ட்டில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்திருக்கிறது, எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி சென்டரில் "எல்லாம் நல்லா இருக்கு, இதே மாதிரி விடாம போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் உள்ளங்கால் எரிகிறது. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் குடைச்சலில் விழிப்பு வந்துவிடுகிறது. இதைச் சொன்னால் "ரிப்போர்ட்தான் நார்மலா இருக்கே, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்று பதில் வருகிறது, அதைக் கேட்டுக் கேட்டு வலிக்கிறவருக்கே தன் வலி மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

யோசனைக்கும் வலிக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். மனசு, தூக்கம், வீட்டு நிலவரம், வேலை, ஊர்ப் பேச்சு எல்லாமே வலியைக் கூட்டும், குறைக்கும். அதனால் வலி பொய் என்று ஆகிவிடாது, அதைத் தாங்குகிறவர் நடிக்கிறார் என்றும் ஆகாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் எத்தனையோ பேருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகிறது. அதனால் இதை அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன், மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி.

முதலில், இது எத்தனை பேருக்கு இருக்கிறது? 2014-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எச்ஐவி உள்ளவர்களில் வலியோடு இருந்தவர்கள் ஆய்வுக்கு ஆய்வு 54 முதல் 83 சதவீதம் வரை இருந்தார்கள். குறைந்த கணக்கை எடுத்தாலும் பாதிக்கு மேல். அதுவும் லேசான வலி இல்லை, பெரும்பாலும் மிதமானதிலிருந்து கடுமையானது வரை. வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தாலோ அதை நாள்பட்ட வலி என்கிறார்கள்.

நம் ஊரில் இது இப்போது ஏன் பேச வேண்டிய விஷயமாகிறது என்றால், இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த பரிசோதனைகளில். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் எச்ஐவிக்கான பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து இலவசமாகத் தரத் தொடங்கினார்கள், தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. அன்றைக்கு "இன்னும் எத்தனை மாசம்" என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இன்றைக்கு இருபது வருடம் தாண்டி, பேரன் பேத்தி பார்த்து, ஐம்பது அறுபது வயதில் நிற்கிறார்கள். இது மருத்துவத்தின் பெரிய வெற்றி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உயிரைக் காப்பாற்றுவதில் மொத்தக் கவனமும் போனதால், காப்பாற்றிய பிறகு அவர்கள் எப்படி எழுந்து நடக்கிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் சரியாக வளரவில்லை.

விளக்க வசதிக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண், வயது 46. கணவர் இறந்துவிட்டார், ஒரு மகன். 2006-லிருந்து மாத்திரை போடுகிறார். வைரல் லோடு பிரச்சினை இல்லை. அக்கம்பக்கத்தில் தனக்குச் சுகர் என்று சொல்லி வைத்திருக்கிறார். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பக்கத்து மாவட்டத்து ஏஆர்டி சென்டருக்குப் போய் மாத்திரை வாங்குகிறார், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே டப்பாவின் லேபிளைக் கிழித்து எறிந்துவிடுவார். இவருக்கு நாலைந்து வருடமாக உள்ளங்காலில் எரிச்சல், கூடவே மதமதப்பு. சில நாள் செருப்பு கழன்று போனதே தெரிவதில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை வேறு.

உடம்புக் காரணம் இல்லாமல் இல்லை

மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உடம்பை முடித்துவிடுவோம், ஏனென்றால் சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமல் "டென்ஷன்" என்று முத்திரை குத்துவது பெரிய தவறு. எச்ஐவி கை கால் நரம்புகளை அழற்சி மூலம் பாதிக்கக்கூடியது. தொடக்க காலத்தில் தரப்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்தும் அதே நரம்புகளைக் கெடுத்தது. அதன் பக்கவிளைவுகள் மீளாதவை என்று சொல்லித்தான் 2009 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. நம் திருப்பூர்ப் பெண் 2006-ல் தொடங்கியவர், அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்தை நிறுத்தி வருடக்கணக்கானாலும் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்புவதில்லை. இன்னும் உண்டு: காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் (அதனால்தான் கூடவே பி6 மாத்திரை தருகிறார்கள், அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விடக் கூடாது), சர்க்கரை நோய், பி12 குறைவு, அக்கி வந்து போன இடத்தில் மிஞ்சும் வலி, இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டமில்லாமல் சிதைவது. இதையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

ஆனால் ஒரே அளவு நரம்புப் பாதிப்பு உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், ஒருவர் "கொஞ்சம் எரியும், பழகிப்போச்சு" என்கிறார், இன்னொருவரால் படுக்கையை விட்டு இறங்க முடியவில்லை. அந்த வித்தியாசத்தை நரம்பு மட்டும் விளக்கிவிடாது.

வலி என்பது என்ன

காலில் முள் குத்தினால் அங்கிருந்து வலி கம்பி வழியாக மூளைக்குப் போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் காலிலிருந்து போவது வெறும் எச்சரிக்கைத் தகவல். அதை வலியாக ஆக்குவது மூளை. 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர், முதுகுத் தண்டிலேயே இந்தத் தகவலைக் கூடுதலாக விடவோ தடுக்கவோ ஒரு கதவு மாதிரியான ஏற்பாடு இருக்கிறது, மூளையும் மேலிருந்து அதைத் திறந்து மூட முடியும் என்று சொன்னார்கள். விவரங்கள் பின்னால் மாறின, ஆனால் அடிப்படை நின்றுவிட்டது. மூளை எதைப் பொறுத்துத் திறக்கிறது, மூடுகிறது? நமக்கு இப்போது எவ்வளவு ஆபத்து என்று அது போடும் கணக்கைப் பொறுத்து. பயம், களைப்பு, துக்கம், தூக்கமின்மை, தனிமை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்தி வெளியிட்ட வரையறையும் வலியை உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது, உடலில் காயம் இருந்தால்தான் வலி என்று சொல்லவில்லை.

வலி நீண்ட நாள் நீடித்தால் இன்னொன்று நடக்கிறது. நரம்பு மண்டலமே கூருணர்ச்சி பெற்றுவிடுகிறது. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டு நாய் அதற்கப்புறம் இலை அசைந்தாலும் குரைக்குமே, அப்படி. போர்வை காலில் பட்டாலே எரிகிறது என்று ஒருவர் சொன்னால் அது மிகை இல்லை, அவருடைய நரம்பு மண்டலம் அப்படி மாறியிருக்கிறது.

1977-ல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர், நோயை உடல், மனம், சமூகம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க நாள்பட்ட வலிச் சிகிச்சை அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. எச்ஐவி விஷயத்தில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் சமூகம் இவ்வளவு மூர்க்கமாக உள்ளே புகுந்த நோய் வேறு அதிகமில்லை.

சோர்வு, தூக்கம், பயம்

2018-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், எச்ஐவி உள்ளவர்களின் நீடித்த வலியோடு எந்தெந்த மன, சமூகக் காரணிகள் சேர்ந்து வருகின்றன என்று பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு, மன உளைச்சல், கடந்துபோன அதிர்ச்சிகளின் வடு, போதைப் பழக்கம், தூக்கக் கோளாறு, மாத்திரையை விட்டுவிட்டுப் போடுவது, மருத்துவமனைக்குப் போக வேண்டிய தேதியைத் தவறவிடுவது, வேலையின்மை ஆகிய எல்லாமே வலியோடு தொடர்புள்ளவையாகத் தெரிந்தன. மறுபக்கத்தில், மனத்தைத் தாங்கிப்பிடிக்கும் பண்புகள் உள்ளவர்களுக்கு வலியின் பாதிப்பு குறைவாக இருந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒருவரிடம் ஒரே ஒரு நாள் கேள்வி கேட்டு எடுத்தவை. அதனால் சோர்வு வந்து வலி கூடியதா, வலி வந்து சோர்வு வந்ததா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. நடைமுறையில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வலி இருப்பதால் கோயில், கல்யாணம் என்று எங்கும் போவதில்லை, போகாததால் யாரும் பேசுவதில்லை, பேச்சு இல்லாமல் நாள் முழுக்க கவனம் காலிலேயே இருக்கிறது, கவனம் காலில் இருக்க இருக்க எரிச்சல் பெரிதாகிறது.

தூக்கம் அப்படி இல்லை, அதில் காரணம் எது விளைவு எது என்று கொஞ்சம் தெளிவாகவே தெரியும். எந்த நோயும் இல்லாத ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தபோதே அடுத்த நாள் அவர்களுடைய வலி தாங்கும் அளவு குறைந்திருக்கிறது. ஏற்கெனவே நரம்பு கெட்டவருக்கு நாலு மணி நேரத் தூக்கம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். என் கருத்தில், வலி என்று வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க" என்பதுதான். செலவில்லாத கேள்வி, அதையே பலரும் கேட்பதில்லை.

பயத்துக்கு வருவோம். முதுகு வலித்தால் நானோ நீங்களோ "நேத்து பக்கெட் தூக்கினேன்ல, அதான்" என்று போய்விடுவோம். எச்ஐவி உள்ளவருக்கு அதே முதுகு வலி வேறு செய்தி சொல்கிறது: மருந்து வேலை செய்யவில்லையோ, முற்றிவிட்டதோ, பிள்ளை என்ன ஆவான். 90-களில் கூடவே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எலும்பும் தோலுமாகிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தப் பயம் வருவது இயல்பு, அதை வெளியிலிருந்து பார்த்து "ஓவர் ரியாக்ஷன்" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் மூளை போடும் ஆபத்துக் கணக்கில் இந்த எண்ணம் ஏறியதும் வலியும் ஏறுகிறது. வலியைப் பற்றிய மோசமான எண்ணம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வலியும் முடக்கமும் கூடுவதை எச்ஐவி இல்லாத நோயாளிகளிடமும் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

மேற்கத்திய மருத்துவத்தில் இதற்கு அடுத்த கட்டமாக ஒன்று சொல்வார்கள்: பயந்தவர் அசையாமல் இருந்துவிடுவார், அசையாததால் தசை இளைத்து மூட்டு இறுகி வலி இன்னும் கூடும் என்று. சரி. ஆனால் ஜோகன்னஸ்பர்க் ஆய்வாளர்கள் எச்ஐவி உள்ளவர்களின் நடமாட்டத்தை உடம்பில் கட்டும் கருவியால் அளந்து 2016-ல் வெளியிட்டபோது, நாள்பட்ட வலி உள்ளவர்கள் வலி இல்லாதவர்களை விடக் குறைவாக நடமாடவில்லை என்று தெரிந்தது. அவர்களுக்குக் கூடுதல் மனவலிமை இருக்கிறதோ என்று பார்த்தார்கள், அதுவும் காரணமாகத் தெரியவில்லை. எனக்கு இது அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. நம் ஊரை வைத்துப் பார்த்தாலும் அதுதானே. ஷிப்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை, தண்ணீர் பிடிக்க வேறு ஆள் இல்லை. வலித்தால் படுத்துக்கொள்ளலாம் என்பதே ஒரு வசதி, அந்த வசதி இல்லாதவர்கள் வலியோடு வேலை செய்கிறார்கள். "நல்லாத்தானே வேலைக்குப் போற, அப்புறம் என்ன வலி" என்று கேட்கும் உறவினர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறைத்து வாழ்வதன் விலை

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற பகுதி. அவமானமும் ஒளிவுமறைவும் மனசில் மட்டும் தங்கிவிடும் விஷயங்கள் இல்லை, படிப்படியாக உடம்புக்குள் இறங்குகின்றன. எப்படி என்று நம் திருப்பூர்ப் பெண்ணையே வைத்துப் பார்ப்போம்.

கால் எரிச்சல் தாங்க முடியாத ஒரு சாயங்காலம் அவர் எங்கே போவார்? ஏஆர்டி சென்டர் பக்கத்து மாவட்டத்தில், அரை நாள் லீவு போட வேண்டும், கம்பெனியில் எதற்கு என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் போனால் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல முடியாது, சொன்னால் அந்த கிளினிக்கில் வேலை பார்க்கும் தெருக்காரப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அதனால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் "கால் வலிக்கு ஒரு செட் குடுங்க" என்கிறார். மூன்று மாத்திரையைக் கத்தரித்து ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருகிறார்கள். அதில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை இருக்கும், வயிற்று அமிலத்தை அடக்கும் ஒரு ஆன்டாசிட் இருக்கும், சில கடைகளில் ஸ்டீராய்டும் இருக்கும்.

இவர் தினமும் போடும் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் இருக்கிறது. அதோடு டைக்ளோஃபெனாக்கை அடிக்கடி சேர்த்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. டோலுடெக்ராவிரும் இருக்கிறது, சில ஆன்டாசிட்களைக் கூடவே போட்டால் அது ரத்தத்தில் சரியாகச் சேராது. நரம்பு வலிக்கு என்று யாராவது கார்பமாஸெபின் எழுதிக் கொடுத்துவிட்டால் அது டோலுடெக்ராவிரின் அளவையே இறக்கிவிடும். முதல் மருந்து பலிக்காமல் மாற்றித் தரப்படும் இரண்டாம் கட்ட எச்ஐவி மருந்தில் ரிட்டோனாவிர் இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு உடம்பை விட்டு வெளியேறாமல் தேங்கிப் பெரிய தொல்லை கொடுக்கும், அந்த ஸ்டீராய்டே இடுப்பு எலும்பையும் சிதைக்கக்கூடியது. ஆக ஊர் பேசிவிடும் என்ற பயம், ஒரு காகிதக் கவர் வழியாக, கிட்னியிலும் எலும்பிலும் போய் நிற்கிறது. சமூகக் காரணி என்று ஆய்வுக் கட்டுரைகளில் ஒற்றை வரியில் எழுதப்படுவது நேரில் இப்படித்தான் இருக்கிறது.

இந்தப் பயம் அவராகக் கற்பனை செய்துகொண்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம் நினைவிருக்கும். அது எய்ட்ஸ் என்ற பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது, கூடவே இது ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் வியாதி என்ற எண்ணமும் பலர் மனசில் அப்படியே தங்கிவிட்டது. கணவரிடமிருந்து தொற்றிய பெண்ணும், பிறக்கும்போதே தொற்றிய குழந்தையும் அந்தப் பழியைச் சேர்த்துச் சுமக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பழி நாளாக ஆக உள்ளேயே குடியேறிவிடும், "எனக்கு இது வேணும்தான்" என்று அவரே நினைக்கத் தொடங்குவார். அப்படி நினைக்கிறவர் வலிக்கு மருந்து கேட்கவே கூசுவார்.

வலிக்கும் ஒரு தனி இழிவு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலைக்குச் சோம்பி நடிக்கிறார், மாத்திரைக்கு அலைகிறார் என்ற பேச்சு. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் எச்ஐவியும் நாள்பட்ட வலியும் சேர்ந்து உள்ளவர்களிடம் செய்து 2018-ல் வந்த ஆய்வில், எச்ஐவி பற்றிய இழிவையும் வலி பற்றிய இழிவையும் இரண்டையும் அதிகமாக உணர்ந்தவர்களுக்கே மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருந்தன.

குடியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் பலர் வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து ஒரு குவாட்டர் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். அன்றைக்குத் தூக்கம் வரும். ஆனால் சாராயம் நரம்பை நேரடியாகக் கெடுக்கிறது, நடு ராத்திரியில் தூக்கத்தையும் கலைக்கிறது, மாத்திரை நேரத்தையும் மறக்கடிக்கிறது. இதைத் திட்டித் திருத்த முடியாது. அவர் குடிப்பது வலியால் என்று தெரிந்தால் வலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, என்னதான் செய்வது

மருந்தை முதலில் சொல்கிறேன். எச்ஐவி உள்ளவர்களின் நாள்பட்ட வலிக்கென்றே அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2017-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நரம்பு வலிக்கு முதலில் கபாபென்டின், மேலே ஒட்டும் கேப்சைசின் பட்டை (மிளகாயின் காரப்பொருள்தான் அது, ஆனால் அளந்து செய்த மருத்துவப் பட்டை, வீட்டில் மிளகாயை அரைத்துத் தடவினால் தோல் வெந்துவிடும்), அது போதாவிட்டால் டுலோக்ஸெடின் போன்றவை. அபின் வகை மருந்துகளை முதல் மருந்தாகத் தர வேண்டாம் என்கிறது. டுலோக்ஸெடின் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து. அதை எழுதிக் கொடுத்தால் "என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்று தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. சோர்வைக் குறைக்கும் அதே ரசாயனங்கள் முதுகுத் தண்டில் வலித் தகவலைத் தடுக்கவும் உதவுகின்றன, அதனால் தருகிறார்கள்.

அதே வழிகாட்டி மருந்தில்லாத வழிகளையும் பரிந்துரைக்கிறது: எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை, பிசியோதெரபி, கழுத்து முதுகு வலிக்கு யோகா. உளவியல் சிகிச்சை என்றதும் சோபாவில் படுத்துக்கொண்டு பழைய கதை சொல்வது என்று நினைக்க வேண்டாம். "இந்த வலி வந்தா என்ன நினைக்கிறீங்க, அப்புறம் என்ன செய்றீங்க" என்று கேட்டு, அந்த எண்ணம் எவ்வளவு சரி என்று கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். போன மாதம்தான் வைரல் லோடு நன்றாக வந்தது, அப்படியிருக்க இன்றைய இடுப்பு வலி நோய் முற்றியதால்தானா, நேற்று பத்து மணி நேரம் நின்றதாலா என்று அவரே யோசிக்கப் பழகுவது, அது ஒரு பகுதி.

இன்னொரு பகுதி, வேலையைப் பங்கிட்டுச் செய்வது. வலி குறைவான ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஒரு வாரத் துணியையும் துவைத்து, மாவரைத்து, வீட்டைக் கழுவி முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பது நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் மிகச் சாதாரணம். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு, இடையிடையே உட்கார்ந்து எழுந்து, மெதுவாக அளவைக் கூட்டிப் போவது என்று மாற்றினால் நரம்பு மண்டலம் பழையபடி பயப்படுவது குறையும். நடையும் அப்படித்தான். ஒரே நாளில் அரை மணி நேரம் என்று ஆரம்பிக்கக் கூடாது, தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும்.

தென்னாப்பிரிக்காவில் ரோமி பார்க்கர் குழுவினர் எச்ஐவி உள்ள கோசா இனப் பெண்களிடம் ஒரு முயற்சி செய்தார்கள். ஆறு வாரம், வாரம் ஒருமுறை கூடி உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய பாடமும், நடத்துகிறவரும் அவர்களைப் போல எச்ஐவியோடு வாழும் பெண்ணே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவுக்கு அந்தப் பாடப் புத்தகத்தை மட்டும் கொடுத்தார்கள். 30-க்கும் குறைவான பெண்கள், சின்ன ஆய்வுதான். முடிவில் இரண்டு குழுவுக்குமே வலி கணிசமாகக் குறைந்திருந்தது. உடற்பயிற்சி வகுப்பு மட்டுமே இதைச் செய்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நான் இதைப் படிக்கும் விதம் இது: ஆய்வுக்காக இரண்டு குழுவிடமும் ஒருவர் திரும்பத் திரும்ப வந்து "உங்க வலி எப்படி இருக்கு" என்று கேட்டதும், ஏன் வலிக்கிறது என்று புரிகிற மொழியில் ஒரு புத்தகம் கையில் கிடைத்ததும் சேர்ந்தே ஏதோ செய்திருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லாத விஷயங்கள் இவை, நம் மாவட்டங்களில் இயங்கும் எச்ஐவி உள்ளோர் சங்கங்களில் நாளைக்கே தொடங்கலாம். பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998-லிருந்து சென்னையை மையமாக வைத்து எச்ஐவி உள்ள பெண்களை ஒன்றுசேர்த்து வருகிறது. மருந்து, சட்டம், பிள்ளைகள் படிப்பு என்று பேசும் கூட்டங்களில் வலிக்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம் என்பது என் ஆசை.

நீங்களே எச்ஐவியோடு இருப்பவர் என்றால், அடுத்த முறை சென்டருக்குப் போகும்போது "உடம்பு வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, எரிச்சலா குடைச்சலா மதமதப்பா, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, இதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், கடையில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் அங்கே இருக்கும் கவுன்சலரிடம் சொல்லுங்கள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பது மட்டும் அவர் வேலை இல்லை, தூக்கமும் சோர்வும் அவர் கேட்க வேண்டியவையே. வேறு டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் கூட்டு மருந்தின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ம் வருட எச்ஐவி சட்டம், சிகிச்சையிலும் வேலையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது, உங்கள் நிலையை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை என்கிறது. சட்டம் இருப்பதால் எல்லாரும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் புகார் கொடுக்க ஒரு பிடிமானம் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. "இன்னுமா வலிக்குது" என்று கேட்காதீர்கள். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு அவரை மூலையில் உட்கார வைப்பதும் உதவி இல்லை, அதுவும் வலியைக் கூட்டும். கூட நடந்துபோங்கள், ராத்திரி தூங்க விடுங்கள், சென்டருக்குத் துணைக்குப் போங்கள்.

எச்ஐவி தொடர்பான எந்தச் சந்தேகத்துக்கும் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரி எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.